டிரெஸ்ஸிங் ரூம் கைநழுவும் முன்: கால்பந்து கோச்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 ஆகஸ்ட் 8. லண்டனின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானம். நடப்புச் சாம்பியனான செல்சி, புதிய சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஸ்வான்சியிடம் திணறிக்கொண்டிருக்கிறது. ஸ்கோர் 2-2. கோல்கீப்பர் கோர்ட்வா சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட்டதால் களத்தில் பத்துப் பேர்தான். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஈடன் ஹசார்ட் அடிபட்டு விழுகிறார். நடுவர் கைகாட்டி அழைக்க, அணியின் மருத்துவர் ஈவா கார்னீரோவும் பிசியோ ஜான் ஃபெர்னும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். களத்தில் சிகிச்சை பெற்ற வீரர் கொஞ்ச நேரம் கோட்டுக்கு வெளியே நின்றாக வேண்டும் என்பது விதி. ஆக, செல்சிக்கு ஒன்பது பேர். கோட்டோரத்தில் நின்ற செல்சி மேனேஜர் ஜோசே மொரீனியோ கொதித்துப்போகிறார். ஆட்டம் முடிந்ததும் பேட்டியில், மருத்துவக் குழு ஆட்டம் புரியாமல் அவசரப்பட்டு ஓடிவிட்டது என்று ஊரறியக் குறை சொல்கிறார். அடுத்த ஆட்டத்தில் கார்னீரோ பெஞ்சில் இல்லை. செப்டம்பரில் கிளப்பிலேயே இல்லை.

அன்று அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு வீரரும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். நடுவர் கூப்பிட்டு, கடமையைச் செய்யப் போனவருக்கே இந்த கதி என்றால், நாளைக்கு நான் ஒரு பாஸைத் தவறவிட்டால்?

அதே மொரீனியோ, ஏறக்குறைய அதே வீரர்களை வைத்து, முந்தைய சீசனின் 38 லீக் ஆட்டங்களில் மூன்றே மூன்றில்தான் தோற்றிருந்தார். 2015 டிசம்பர் 17 அன்று கிளப் அவரை அனுப்பியபோது, 16 ஆட்டங்களில் 9 தோல்வி. பட்டியலில் 16ஆம் இடம். கீழ்ப் பிரிவுக்குத் தரமிறக்கப்படும் மண்டலத்துக்கு ஒரு புள்ளிதான் மேலே. வீரர்களுக்கும் மேனேஜருக்கும் நடுவே பிளவு வெளிப்படையாகவே தெரிந்தது என்று கிளப்பின் தொழில்நுட்ப இயக்குநர் மைக்கேல் எமெனாலோ அப்போது சொன்னார். பிறகு 2016 ஜூனில் கார்னீரோவின் வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, அவர் விதிப்படியும் மருத்துவக் கடமைப்படியும்தான் நடந்துகொண்டார் என்று ஒப்புக்கொண்டு செல்சி மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பு வரப் பத்து மாதம் ஆனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

வீரர்கள் கோச்சின் மேல் நம்பிக்கை இழப்பதைத்தான் ‘டிரெஸ்ஸிங் ரூம் கைநழுவுவது’ என்கிறார்கள். தோல்வி மட்டுமே அந்த நம்பிக்கையை அழித்துவிடுவதில்லை. தோற்ற அணியோடு ஒட்டிக்கொண்டு கரையேறிய கோச்கள் எத்தனையோ பேர். தோல்வியின் பாரத்தை யார் தலையில் இறக்குகிறார் என்பதைத்தான் வீரர்கள் உற்றுப் பார்க்கிறார்கள்.

வேண்டுமென்றே தோற்கிறார்களா?

ரசிகர்களுக்கு உடனே வரும் சந்தேகம் இது. மொரீனியோ போன மறுநாளுக்கு மறுநாள் செல்சி சண்டர்லாண்டை 3-1 என்று வென்றது. ஜெயித்த ஆட்டத்திலேயே சொந்த ரசிகர்கள் டியேகோ கோஸ்டாவையும் ஃபாப்ரிகாஸையும் கூச்சலிட்டு அவமதித்தார்கள். லெஸ்டரிலும் இதே கதை. 5000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கிய அணியை 2016இல் சாம்பியனாக்கிய கிளாடியோ ரனியேரி, 2017 பிப்ரவரி 23 அன்று நீக்கப்பட்டார். நான்கு நாள் கழித்து, உதவியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் தலைமையில் லெஸ்டர் லிவர்பூலை 3-1 என்று வீழ்த்தியது. அன்று ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆனாலும், தொழில்முறை வீரர் ஒருவர் தோற்பதற்கென்றே களமிறங்குவார் என்று நான் நம்பவில்லை. நடப்பது வேறு. எதிரணி டிஃபெண்டரின் காலில் பந்து இருக்கிறது. நம் முன்வரிசை ஆள் அவர்மேல் பாய்கிறார். அதே கணத்தில் பின்னாலிருக்கும் மிட்ஃபீல்டர் முன்னேற வேண்டும். அவருக்குப் பின்னால் தடுப்பு வரிசை மொத்தமாக மேலேற வேண்டும். பிரஸ்ஸிங் என்பது பதினோரு பேரும் ஒரே மூச்சில் எடுக்கும் துணிச்சல். ‘இந்தத் திட்டம் சரிவருமா? தப்பினால் பழி என்மேல் விழுமா?’ என்று ஒருவர் அரை நொடி தயங்கினால் போதும், நடுவே வாசல் திறந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சோம்பல் மாதிரி தெரியும். உள்ளே இருப்பது பயமும் அவநம்பிக்கையும்.

மைக் முன்னால் வீரரைக் கைவிடுவது

என் பார்வையில் மிகப் பெரிய தவறு இதுதான். 2015 டிசம்பர் 14, லெஸ்டரில் 2-1 தோல்வி. எதிரணி எப்படியெல்லாம் கோல் போடும் என்று நாள்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் அப்படியே கோல் வாங்கினார்கள், தன் உழைப்புக்குத் துரோகம் நடந்துவிட்டதாக உணர்கிறேன் என்றார் மொரீனியோ. போன சீசனில் வீரர்களை அவர்களுடைய நிஜத் தரத்துக்கு மேலே நான்தான் தூக்கி வைத்திருந்தேனோ என்னவோ என்றும் சேர்த்துக்கொண்டார். ஜெயித்தால் நான், தோற்றால் நீ. இதைக் கேட்ட வீரர் மறுநாள் காலை அவர் முகத்தை எப்படிப் பார்ப்பார்? மூன்று நாளில் மொரீனியோவின் வேலை போனது.

2023 மார்ச் 18 அன்று டாட்டன்ஹாம் கோச் அந்தோனியோ கோன்டே செய்ததும் ஏறத்தாழ இதுவே. சவுத்தாம்ப்டனுக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்த ஆட்டம், கடைசி நேர பெனால்டியில் 3-3 ஆனது. செய்தியாளர் சந்திப்பில் வீரர்களைச் சுயநலக்காரர்கள் என்று பொரிந்து தள்ளினார். எட்டே நாளில் கிளப்பை விட்டுப் போனார். அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் நாலு சுவருக்குள் இருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்க்க வேண்டும். 1995 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டின் எரிக் கான்டனா, பார்வையாளர் ஒருவரை எட்டி உதைத்து எட்டு மாதத் தடை வாங்கினார். தவறு முழுக்க வீரருடையது. அந்தக் கோடையில் அவர் இங்கிலாந்தே வேண்டாம் என்று கிளம்பியபோது, மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்கூசன் பாரிசுக்கே போய்ப் பேசித் திரும்ப அழைத்து வந்தார். அடுத்த சீசனில் யுனைடெட் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்றது. ஃபெர்கூசன் மென்மையானவர் என்று யாரும் சொன்னதில்லை. அறைக்குள் அவர் கத்தினால் சுவர் அதிரும். அதனால்தான் இந்த உதாரணத்தை எடுத்தேன்.

தண்டனைக்கு முடிவு வைக்காதது

ஒழுங்கு நடவடிக்கை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் எரிக் டென் ஹாக், பயிற்சியில் தன் வீரர் ஜேடன் சாஞ்சோவின் தரம் போதவில்லை, அதனால் அணியில் இல்லை என்று செய்தியாளர்களிடம் சொன்னார். சாஞ்சோ அதை மறுத்து, தன்னைப் பலிகடா ஆக்குகிறார்கள் என்று சமூக ஊடகத்தில் எழுதினார். இருவரும் வெளியில் பேசிவிட்டார்கள். இறங்கி வர இருவருக்கும் படி இல்லாமல் போனது. முதல் அணியிலிருந்து ஒதுக்கப்பட்ட சாஞ்சோ, ஜனவரியில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணிக்குக் கடனாகப் போய், அந்த அணியோடு 2024 ஜூன் 1 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ஆடினார். தண்டனையென்றால் எத்தனை நாள், எதைச் செய்தால் திரும்பலாம் என்பது முதல் நாளே வீரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிவு தெரியாத தண்டனையை மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சட்டதிட்டங்களை அடுக்குவதும் இந்த வகைதான். 2013இல் சண்டர்லாண்டின் மேனேஜர் பாவ்லோ டி கானியோ கெச்சப், மயோனைஸ் வரை தடை போட்டார். 13 ஆட்டங்களில் பதவி போனது. கெச்சப்பால் யாரும் கலகம் செய்வதில்லை. தன்னைச் சிறுபிள்ளையாக நடத்துகிறார்கள் என்ற எண்ணம்தான் உள்ளே புகைகிறது.

மூத்தவர்களைச் சுமையாகப் பார்ப்பது

ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ் 2011இல் செல்சிக்கு மேனேஜராக வந்தபோது வயது 33. அணியின் மூத்த வீரர் ஃபிராங்க் லாம்பார்டைவிட எட்டே மாதம் மூத்தவர். அணியை இளமையாக்க வேண்டும் என்ற அவருடைய எண்ணம் நியாயமானது. கிளப் அவரைக் கூட்டி வந்ததும் அதற்காகத்தான். ஆனால் வேறு கிளப்புக்குப் போக அனுமதி கேட்ட வீரர்கள் அலெக்ஸையும் அனெல்காவையும் முதல் அணியிலிருந்து பிரித்துத் தனியே பயிற்சி செய்ய வைத்தார். 2012 பிப்ரவரியில் நேப்பிள்ஸில், நாப்போலி அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் லாம்பார்ட், ஆஷ்லி கோல், எசியன் மூவரையும் பெஞ்சில் உட்கார வைத்து 3-1 என்று தோற்றார். மார்ச் 4 அன்று நீக்கப்பட்டார்.

பத்து நாள் கழித்து நாப்போலிக்கு எதிரான மறு ஆட்டம். உதவியாளராக இருந்த ராபர்ட்டோ டி மாட்டியோ பொறுப்பில் இருக்கிறார். செல்சி 4-1 என்று ஜெயித்தது. கோல் போட்டவர்கள் துரோக்பா, டெர்ரி, லாம்பார்ட், இவானோவிச். மே 19 அன்று மியூனிக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில், பேயர்னின் சொந்த மைதானத்திலேயே, 88ஆவது நிமிடம் தலையால் முட்டிச் சமன் செய்தவர் துரோக்பா. கடைசி பெனால்டியை அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவரும் அவரே. வயது 34.

மூத்தவர்களை உட்கார வைக்கலாம். உட்கார வைக்கும் முன் தனியே அழைத்து, ஏன், எதுவரை, உன்னிடம் இனி நான் எதிர்பார்ப்பது என்ன என்று சொல்ல வேண்டும். இளையவர்கள் புது கோச்சை எடைபோடுவது மூத்தவர்களின் முகத்தைப் பார்த்துத்தான்.

நடுவில் நின்று யாருக்குமே இல்லாமல் போவது

2010 ஜூன் 20, உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவின் க்னைஸ்னா. பிரான்ஸ் அணியின் பயிற்சியைப் பார்க்க உள்ளூர் மக்களும் வந்திருக்கிறார்கள். மூன்று நாள் முன்பு மெக்சிகோவுடனான ஆட்டத்தின் இடைவேளையில் அனெல்கா கோச் ரேமோன் தொமெனெக்கைத் திட்டியதாக லெகிப் நாளிதழ் முதல் பக்கத்தில் போட்டது; பிரான்ஸ் கால்பந்துச் சம்மேளனம் அனெல்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. செய்தியை வெளியே கொடுத்த ‘துரோகி’யைத்தான் பிடிக்க வேண்டும் என்று கேப்டன் பாட்ரிஸ் எவ்ரா கொந்தளித்துக்கொண்டிருக்கிறார்.

வீரர்கள் வந்து ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். பிறகு எவ்ராவுக்கும் உடற்பயிற்சியாளர் ரொபேர் துவெர்னுக்கும் வாக்குவாதம் முற்றுகிறது. தொமெனெக் குறுக்கே புகுந்து விலக்குகிறார். துவெர்ன் கையிலிருந்ததைத் தூர வீசிவிட்டு நடக்கிறார். வீரர்கள் பேருந்தில் ஏறித் திரைச்சீலைகளை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். பயிற்சி கிடையாது. அனெல்காவை அனுப்பியதைக் கண்டித்து அந்தப் பேருந்திலிருந்து வந்த அறிக்கைத் தாளை, கேமராக்களின் முன் நின்று வாசித்தவர் யார்? தொமெனெக்கே.

2006இல் இதே நாட்டை உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோன மனிதர் அவர். அன்று அவருக்குச் சம்மேளனமும் இல்லை, வீரர்களும் இல்லை. எவ்ரா தேடிய ‘துரோகி’ யார் என்ற கேள்வியில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தென்னாப்பிரிக்காவிடம் 2-1 தோல்வி. ஒரே ஒரு புள்ளியோடு பிரிவில் கடைசி. அறைக்குள் நடந்தது வெளியே கசிந்துவிட்டால், கசியவிட்டவரைத் துரத்துவதால் பயன் இல்லை. சம்பந்தப்பட்டவரும் கோச்சும் நேருக்கு நேர் உட்கார்ந்து அன்று இரவே பேசி முடித்திருக்க வேண்டும். சம்மேளனம் கேட்கும் முன் தன் முடிவைச் சொல்லியிருக்க வேண்டும்.

கிளப்பின் கணக்கு

இதில் கோச் எப்போதும் பலவீனமான இடத்தில்தான் நிற்கிறார். இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் அணிப் பட்டியலில் 25 பேர் வரை இருக்கலாம். ஒவ்வொருவர் மேலும் கிளப் முதலீடு செய்திருக்கிறது. ஆள் மாற்றக் கோடையும் ஜனவரியும்தான் வாய்ப்பு. கோச்சை எந்தத் திங்கள்கிழமையும் மாற்றலாம். இது நியாயமா என்றால், பல நேரம் இல்லை. ரனியேரிக்கு நடந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆனால் வேலைக்குச் சேரும் கோச் இதை முதல் நாளே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் என்றதும் நினைவுக்கு வருபவர் பிரையன் கிளஃப். 1974இல் லீட்ஸ் யுனைடெட் நடப்புச் சாம்பியன். அந்த அணியின் ஆட்டத்தைப் பல வருடமாகப் பொதுவில் திட்டிவந்த கிளஃப் அதற்கே மேனேஜராக வந்தார். ‘உங்கள் பதக்கங்களைக் குப்பையில் போடுங்கள், ஏமாற்றி ஜெயித்தவை’ என்ற பொருளில் ஆரம்பத்திலேயே தங்களிடம் பேசினார் என்று அந்த வீரர்கள் பின்னாளில் சொன்னார்கள். 44 நாளில் எல்லாம் முடிந்தது. அவர் தன்னோடு அழைத்து வந்த வீரர் ஜான் மெக்கவர்னையும் லீட்ஸ் ரசிகர்கள் சொந்த மைதானத்திலேயே கூச்சலிட்டு விரட்டினார்கள்.

அடுத்த வருடம் கிளஃப், அப்போது இரண்டாம் பிரிவில் கிடந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்குப் போனார். மெக்கவர்னையும் கூப்பிட்டுக்கொண்டார். 1979இல் மியூனிக்கிலும் 1980இல் மாட்ரிட்டிலும் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் அந்த மெக்கவர்ன்தான்.