சாவி ஒருவர் கையில், பணம் இன்னொருவர் கணக்கில்

"வண்டி திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல நிக்குது சார்." பழைய பைக் தேடும்போது இந்த வரியைக் கேட்டால் அப்போதே போனை வைத்துவிடுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. வளைகுடாவுக்குப் போகிறவர்களும் லீவு முடிந்து பட்டாளத்துக்குத் திரும்புகிறவர்களும் அங்கேதான் விமானம் ஏறுகிறார்கள். அதனால் "மிலிட்டரியில இருக்கேன், திடீர் டிரான்ஸ்ஃபர், பைக்கை ஏர்போர்ட் பார்க்கிங்ல விட்டிருக்கேன்" என்ற கதை நாகர்கோவில்காரனுக்குக் கதையாகவே தோன்றாது. கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு ராணுவ அடையாள அட்டை வரும். பிறகு பார்சல் செலவு, கேட் பாஸ், டெலிவரியானதும் திருப்பித் தரும் டெபாசிட் என்று இரண்டாயிரம், மூன்றாயிரமாகக் கேட்பார்கள். முதலில் போட்டதை விட மனமில்லாமல் அடுத்ததையும் போடுவோம்.

இந்த வித்தை இப்போது ஓரளவுக்கு எல்லோருக்கும் தெரியும். "நேரில் பார்க்காமல் காசு கொடுக்காதே" என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது போதாது. நேரில் பார்த்து, ஓட்டியும் பார்த்துவிட்டுப் பணத்தைத் தொலைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

உதாரணத்துக்கு, தக்கலையில் ஒருவர் தன் பைக்கை 60,000 ரூபாய்க்கு விளம்பரம் போடுகிறார். எங்கோ உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆள் அதே படங்களை எடுத்து 42,000 ரூபாய்க்கு இன்னொரு விளம்பரம் போடுகிறான். தக்கலைக்காரரிடம் அவன் சொல்வது: "வண்டி எனக்குத்தான். என் மச்சான் வந்து பார்ப்பான், அவன்கிட்ட மட்டும் விலை பேசாதீங்க." உங்களிடம் சொல்வது: "வண்டி என் மாமா வீட்டுல நிக்குது. விலையைப் பத்தி அவர்கிட்ட வாயே திறக்காதீங்க, எங்களுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு." நீங்கள் போகிறீர்கள். வண்டி அசல், ஆர்.சி. (பதிவுச் சான்று) அசல், டீ கொடுக்கும் மனிதரும் அசல். விலை மட்டும் யாரும் பேசவில்லை. அங்கே நின்றபடியே மூன்றாவது ஆள் போனில் சொன்ன எண்ணுக்கு 42,000 அனுப்புகிறீர்கள். சாவியைக் கேட்டால், "எனக்கு இன்னும் காசு வரலியே" என்கிறார் அவர். அதற்குப் பிறகு நீங்களும் அவரும் ஒருவரையொருவர் கள்ளன் என்று சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். மூன்றாவது ஆளின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

சாவி வைத்திருப்பவரிடமே "அண்ணே, நீங்க எவ்வளவுக்குக் கொடுக்கிறீங்க?" என்று கேட்டிருந்தால் போதும், குட்டு உடைந்திருக்கும். விலை பேசாதே என்று யார் சொன்னாலும் அங்கே விலையை உரக்கப் பேசுங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, அவர் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் பணம் போடுங்கள். "தம்பி கணக்கு, பார்ட்னர் கணக்கு" எல்லாம் வேண்டாம்.

கொடுத்த அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது க்யூ.ஆர். கோடு அனுப்பினால் ஸ்கேன் செய்யாதீர்கள். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்; யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை.

இனி காகிதம். ஆர்.சி.யின் போட்டோவைப் பார்த்துத் திருப்திப்படாமல், வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போடுங்கள். உரிமையாளர் பெயர் பாதி மறைந்துதான் வரும், ஆனாலும் ஒப்பிடலாம். பதிவான தேதி, இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் பதிவு இருக்கிறதா என்பதும் தெரியும். டியூ முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். ஃபைனான்ஸ்காரர் கொடுத்த என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), அவர் கையெழுத்திட்ட படிவம் 35-உம் கையில் வரவேண்டும். இல்லாவிட்டால் பாக்கிக்காக வண்டியைத் தூக்க வருகிறவர்கள் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பழைய உரிமையாளர் எப்போதோ கையெழுத்துப் போட்டுக்கொடுத்த படிவத்தை வைத்துக்கொண்டு மூன்று கை மாறிய வண்டியை நான் தொடவே மாட்டேன்.

வண்டி எண் டி.என். 74 என்று தொடங்கினால் நாகர்கோவில், டி.என். 75 என்றால் மார்த்தாண்டம். எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் கே.எல். என்று தொடங்கும் கேரள வண்டிகள் சில சமயம் மலிவாகக் கிடைக்கும். அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு செய்து வரியும் கட்ட வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்தால் மலிவு எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

நம் கடற்கரைக்கு மட்டும் ஒரு குறிப்பு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றில் நின்ற வண்டி போட்டோவில் பளபளவென்று இருக்கும். குனிந்து சைலன்சரின் அடிப்பக்கத்தையும் ஸ்போக்ஸையும் ஃபோர்க் குழாயையும் பாருங்கள். ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் இருக்கும் சேஸிஸ் எண்ணை விரலால் தடவி ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். துரு தின்றிருந்தால் பெயர் மாற்றத்தில் அலைய வேண்டிவரும். தேய்த்து அழித்திருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம். அங்கே பேரம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அந்தக் கணக்கில் இருக்கும்வரைதான் அதை முடக்க முடியும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.