டேலியிலிருந்து ஈஆர்பிக்கு: மாறும் மாதங்களில் கணக்கு ஒன்றாக இருக்க என்ன செய்வது

மதுரை மேலமாசி வீதியில் மொத்த ஜவுளிக் கடை, கப்பலூரில் குடோன், திண்டுக்கல்லில் கிளை என்று வைத்துக்கொள்வோம். டேலி என்ற கணக்கு மென்பொருளை விட்டு, கணக்கு, சரக்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் ஈஆர்பி மென்பொருளுக்கு மாறுகிறார்கள். "நேத்து விற்பனை எவ்வளவு?" என்று முதலாளி கேட்டால் டேலி 1,05,000 என்கிறது, புது மென்பொருள் 1,00,000 என்கிறது, குடோன் எக்செல் 92,000 என்கிறது. மூன்றுமே சரிதான். முதலாவதில் 5% வரி சேர்ந்திருக்கிறது, இரண்டாவதில் இல்லை, மூன்றாவதில் திரும்பி வந்த 8,000 ரூபாய் சரக்கு கழிந்திருக்கிறது. எந்த மென்பொருளும் இதைத் தீர்த்து வைக்காது.

ஆகவே முதல் வேலையை ஒரு தாளில் தொடங்குங்கள். விற்பனை என்றால் வரி நீங்கலாக, திரும்பியதைக் கழித்து, பில் தேதிப்படி. ஒரே ஜிஎஸ்டி எண்ணுக்குள் டெலிவரி சலான் போட்டுத் திண்டுக்கல்லுக்கு அனுப்பிய சரக்கு விற்பனை ஆகாது. பாக்கி, இருப்பு, லாபம் ஆகியவற்றுக்கும் இப்படி ஒவ்வொரு வரி எழுதி, முதலாளி, கணக்கர், ஆடிட்டர் மூவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இதைத் தள்ளிப்போட்டால் பிறகு வரும் ஒவ்வொரு அறிக்கையிலும் இதே சண்டைதான் வரும்.

அடுத்தது, டேலி, ஈஆர்பி இரண்டுக்கும் வெளியே ஒரு தரவுத்தளம். போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்கியூஎல் போதும். டேலியிலிருந்து, வேறு மென்பொருள் தரவை எடுக்க அது தரும் ஓடிபிசி அல்லது எக்ஸ்எம்எல் வழியாக (வழக்கமான போர்ட் 9000), ஈஆர்பியிலிருந்து அதற்குரிய வழியில், தினமும் இரவு தானாக எடுத்துவர வேண்டும். வந்ததைத் திருத்தாமல் அப்படியே வையுங்கள். ஒவ்வொரு பதிவிலும் எந்த மென்பொருள், அங்கே என்ன எண், எப்போது ஏற்றியது என்று மூன்று கூடுதல் பத்திகள் இருக்கட்டும். இனி எல்லா அறிக்கையும் இங்கிருந்து மட்டுமே போக வேண்டும்.

எக்செலை இடையில் விடாதீர்கள். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்பு) இரட்டைக் கிளிக் செய்து திறந்தாலே "12/3" என்ற பில் எண் தேதியாகிவிடும், முன்னால் உள்ள சுழியம் போய்விடும், நீண்ட எண்களில் 15-வது இலக்கத்துக்குப் பிறகு வரும் இலக்கங்கள் சுழியமாகும். சேமித்துவிட்டால் அசலே கெட்டது. பழைய பார்ட்டி பெயர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

பார்ட்டிகளைச் சேர்ப்பதுதான் மதுரையில் பெரும்பாடு. மீனாட்சி பெயரில் எத்தனை ஸ்டோர்ஸ், எத்தனை ஏஜென்சி! பெயரை வைத்து இணைத்தால் ஒருவர் பாக்கி இன்னொருவர் தலையில் விழும். ஜிஎஸ்டி எண்ணை வைத்து இணையுங்கள். அதன் 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறி (தமிழ்நாட்டுக்கு 33), 3 முதல் 12 வரை பான் எண். கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது, தட்டச்சுப் பிழையை அது காட்டிக்கொடுக்கும். ஒரே பான், இரண்டு ஜிஎஸ்டி எண் என்றால் லெட்ஜர் தனித்தனி, குழுக் குறி ஒன்று. எண் இல்லாத சிறு கடைகளுக்குக் கைபேசி எண்ணும் பின்கோடும். அப்படியும் சந்தேகம் தீராத பட்டியலைக் கணினியிடம் விடாமல், உசிலம்பட்டி, மேலூர் லைன் போகும் விற்பனையாளரிடம் கொடுங்கள். கடையை நேரில் பார்த்தவர் அவர்தான்.

சரக்கில் அலகைக் கவனியுங்கள். கொள்முதல் பேல் கணக்கில், இருப்பு பீஸ் கணக்கில், விற்பனை மீட்டரில் இருக்கும். ஒரு பீஸ் எத்தனை மீட்டர் என்பது லாட்டுக்கு லாட்டு மாறும்போது, பொருளுக்கு ஒரே மாற்று எண் போட்டால் மாதக் கடைசியில் இருப்பு இடிக்கும். மாற்று எண்ணை லாட்டோடு சேர்த்து வையுங்கள்.

அதிகம் பணம் போகும் இடம் ஆரம்ப பாக்கி, அதாவது புது மென்பொருளில் முதலில் ஏற்றும் பழைய நிலுவை. ஒரு பார்ட்டிக்கு நிலுவை பில்கள் 3,10,000. எந்த பில்லிலும் சேர்க்காமல் 'ஆன் அக்கவுண்ட்' என்று போட்ட வரவு 70,000. லெட்ஜரில் பாக்கி 2,40,000. அந்த ஒற்றைத் தொகையை மட்டும் ஏப்ரல் 1 தேதியிட்டு ஏற்றினால், 120 நாள் பழைய பாக்கி அன்றுதான் பிறந்ததுபோல் தெரியும். யாரும் வசூலுக்குப் போக மாட்டார்கள். மாறுவதற்கு முன்பே டேலியில் அந்த வரவுகளைப் பில்லோடு பொருத்துங்கள். பிறகு பில் வாரியாக, பழைய பில் எண், பில் தேதி, கெடு தேதியோடு ஏற்றுங்கள். கூட்டுத்தொகை டிரையல் பேலன்ஸோடு (எல்லா லெட்ஜர் இருப்புகளின் பட்டியல்) பைசா வரை ஒத்துப்போக வேண்டும்.

மாறும் நாளுக்கு ஏப்ரல் 1 வசதி, வரவு செலவு சுழியத்திலிருந்து தொடங்கும். ஆனால் முந்தைய ஆண்டின் தணிக்கைத் திருத்தங்கள் செப்டம்பர் வரைகூட வரும். அவற்றுக்குத் தனி ஜர்னல் வகை ஒதுக்குங்கள், ஆரம்ப பாக்கியை நேரடியாகத் திருத்த விடாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் சித்திரைத் திருவிழாவும் வரும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டி ஆள் குறையும், அந்த நாட்களில் பெரிய சோதனை எதையும் வைக்காதீர்கள்.

டேலி, ஈஆர்பி இரண்டையும் சேர்த்து ஓட்டும் காலம் குறைந்தது இரண்டு முழு ஜிஎஸ்டி மாதங்கள். அப்போது பில்லும் இ-இன்வாய்ஸும் (அரசுத் தளத்தில் பதிவாகும் மின்-பில்) ஒரே மென்பொருளிலிருந்து மட்டும் போக வேண்டும், மற்றதில் உள்பதிவு மட்டும். புது பில்லுக்குப் புது வரிசை கொடுங்கள், முன்குறியோடு சேர்த்து 16 எழுத்துக்குள்.

தினமும் காலை ஐந்து எண்களை ஒப்பிடுங்கள்: பில் எண்ணிக்கை, வரிக்கு முந்தைய மதிப்பு, வரி, வசூல், இருப்பு அளவு. எண்ணிக்கை ஒத்து வரி மட்டும் சில பைசா மாறினால், ஒரு மென்பொருள் பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் வரியை முழுமையாக்குகிறது, மற்றது பில் மொத்தத்தில். அந்த வித்தியாசத்தை மறைக்காமல் தனிப் பத்தியில் காட்டுங்கள். எண்ணிக்கையே மாறி, அடுத்த நாள் எதிர்ப்பக்கம் மாறினால் நேரத்தைப் பாருங்கள். ஈஆர்பி உலகப் பொது நேரத்தில் பதிந்தால், நள்ளிரவுக்கும் காலை 5.30க்கும் இடையே குடோனில் லாரி ஏற்றியபோது போட்ட பதிவுகள் முந்தைய தேதியில் விழும். எடுத்துவரும்போதே 5.30 மணி கூட்டி இந்திய நேரமாக்குங்கள்.

ஐந்தும் தொடர்ந்து இரண்டு மாத முடிவில் ஒத்து, ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ஜிஎஸ்டி அறிக்கை) தொகையும் பொருந்திய பிறகு டேலியில் பதிவு உரிமையை எடுத்துவிடுங்கள். படிக்கும் உரிமை இருக்கட்டும், நிறுவனச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும். காப்புப் பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, பழைய பில் ஒன்றை உண்மையிலேயே திறந்து பாருங்கள்.