பாடம் நடக்கும் பலகை

வகுப்பறைச் சுவரில் தாள்களைக் குத்தி மாட்டும் சாஃப்ட் போர்டை வருட ஆரம்பத்தில் ஒரு தடவை ஜோடித்துவிட்டு, சாயம் வெளுக்கும்வரை அப்படியே விட்டுவிடும் வழக்கம் ஆசிரியர்கள் நம்மில் பலருக்கு உண்டு. பளபள பார்டர், வெட்டி ஒட்டிய பூக்கள், நடுவில் ஒரு பொன்மொழி. பார்வையிட வருகிறவர் "அழகாக இருக்கிறதே" என்பார். பிள்ளைகளோ மூன்றாம் நாளே அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். ஐந்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் எடுக்கிற எனக்கு இதில் ஒரே அளவுகோல்தான். பாடம் நடக்கும்போது நானோ ஒரு பிள்ளையோ எழுந்து போய் அந்தப் பலகையைத் தொட வேண்டியிருக்கிறதா? இல்லையென்றால் அந்தத் தாளுக்கு அங்கே இடமில்லை.

எதை மாட்டுவது என்பதற்கு முன்னால் எவ்வளவு மாட்டுவது என்று பார்த்துவிடலாம். 2014இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்குச் சில பாடங்களைச் சுவர் நிறையப் படங்கள் உள்ள அறையிலும், சிலவற்றை வெறுஞ்சுவரோடும் நடத்திப் பார்த்தார்கள். படங்கள் நிறைந்திருந்தபோது பாட நேரத்தில் ஏறத்தாழ 39 சதவீதம் கவனம் வேறெங்கோ போனது. வெறுஞ்சுவரில் அது 28 சதவீதம். கற்றதும் குறைவுதான். இதைப் படித்துவிட்டுச் சுவரை மொட்டையடிக்க வேண்டியதில்லை. அங்கே மாட்டியிருந்தவை அன்றைய பாடத்தோடு ஒட்டாத படங்கள். இங்கிலாந்தில் 153 வகுப்பறைகளைப் பார்த்த சால்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வு நடுவழியைச் சொல்கிறது: சுவரில் 20 முதல் 50 சதவீதம் காலியாக இருக்கட்டும். கரும்பலகை உள்ள சுவரில் நான் எதையும் மாட்டுவதில்லை. பக்கச் சுவர் பாடத்துக்கு, பின்சுவர் பிள்ளைகளின் வேலைக்கு.

உயரம் பிள்ளையின் கண்மட்டத்துக்கு இருக்க வேண்டும். மாட்டி முடித்ததும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு மேல் வரியை வாசிக்கச் சொல்லுங்கள். அண்ணாந்து பார்த்தால் பலகை மேலே போய்விட்டது என்று அர்த்தம். எழுத்தின் அளவுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு நமக்கும் உதவும்: 3 மீட்டர் தூரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் உயரம். கடைசி பெஞ்ச் 8 மீட்டர் தள்ளி இருந்தால் தலைப்பு 7 சென்டிமீட்டராவது வேண்டும். தமிழ் எழுத்தில் ணூ, ஞூ மாதிரி சுழிகள் தூரத்தில் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். கிட்டப் போய் வாசிக்க வேண்டிய தாளுக்கு இந்தக் கவலை இல்லை.

பாடப் பலகைக்கு என் வகுப்பில் அதிகம் உழைக்கிற உதாரணம் பின்னக் கயிறு. பக்கச் சுவரில் குறுக்கே ஒரு சணல் கயிறு. இடது ஓரத்தில் 0 என்று ஓர் அட்டை, அங்கிருந்து சரியாக 120 சென்டிமீட்டரில் 1. ஏன் 120? பாதி 60, மூன்றில் ஒன்று 40, நாலில் ஒன்று 30, ஐந்தில் ஒன்று 24, ஆறில் ஒன்று 20, எட்டில் ஒன்று 15. எல்லாம் முழு எண்ணாக வருவதால் பிள்ளைகள் அளவுகோலை வைத்துத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். 1-க்கு அப்பால் இன்னொரு 60 சென்டிமீட்டர் கயிறு மிச்சம் இருக்கட்டும், பின்னால் வேலை இருக்கிறது.

முதலில் 1/2, 1/4, 3/4 அட்டைகளைத் துணிக் கிளிப்பில் மாட்டச் சொல்வேன். அதில் தகராறு வராது. அடுத்து 1/3 அட்டையைக் கொடுத்தால் வகுப்பு இரண்டாகப் பிரியும். மூன்றைவிட நாலு பெரிசு, ஆகவே 1/4-க்கு இடப்பக்கம் என்று ஒரு கட்சி உறுதியாக நிற்கும். நான் வாயைத் திறப்பதில்லை. 120 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய தாள் பட்டை ஒன்றைக் கொடுத்து மூன்றாக மடித்துப் பார்க்கச் சொல்வேன். மடிப்பு 40-இல் விழும், அட்டை தானாக வலப்பக்கம் நகரும். மறுநாள் 2/4 வரும்போது அதற்குத் தனியிடம் இருக்காது. 1/2 அட்டைக்குக் கீழே, அதே கிளிப்பில் தொங்கும். சமபின்னத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. 4/3 வரும் நாளில்தான் அந்த மிச்சக் கயிறு எதற்கென்று அவர்களுக்குப் புரியும்.

மொழிப் பாடத்துக்குச் சொற்பலகை. அச்சடித்த சார்ட் வேண்டாம். அந்த வாரம் அவர்களின் நோட்டில் தப்பிப் போன சொற்களே போதும். பனி, பணி, அரம், அறம், வலி, வளி, வழி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை வைத்து ஒரு பிள்ளை எழுதிய வாக்கியம். பட்டியல் பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால் யாரும் பார்ப்பதில்லை.

அறிவியலில் புதிய பாடம் தொடங்கும்போது கேள்விச் சீட்டுகள். என்ன தெரியும், என்ன தெரிய வேண்டும், என்ன கற்றோம் என்று மூன்று பத்தியாகப் பிரிக்கும் முறையை அமெரிக்கக் கல்வியாளர் டோனா ஓகிள் 1986இல் அறிமுகப்படுத்தினார். நான் நடுப் பத்தியை மட்டும் பலகைக்கு எடுத்துக்கொள்கிறேன். பதில் கிடைத்த பிள்ளை அதைச் சீட்டின் பின்புறம் எழுதித் திருப்பி மாட்ட வேண்டும். பாடம் முடிந்தும் திரும்பாத சீட்டுகள்தான் எனக்கு முக்கியம். நான் எதை நடத்தாமல் விட்டேன் என்று அவை சொல்லிவிடும்.

இனி பின்சுவர். நன்றாக வரைந்த ஐந்து பேரின் படம் மட்டும் எப்போதும் தொங்கினால், மற்றவர்களுக்கு அது வேறு யாருடைய சுவரோ. எல்லார் பெயரிலும் ஆளுக்கொரு கிளிப் உண்டு. எதை மாட்டுவது என்று அந்தப் பிள்ளையே தீர்மானிக்கும். வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. மதிப்பெண் தெரிகிற தாள் மட்டும் கூடாது, முழு மதிப்பெண்ணாக இருந்தாலும்.

நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: முதல் முயற்சியும் கடைசி முயற்சியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இலையைப் பார்த்து வரையும் பாடத்தில் முதல் படத்தில் பெரும்பாலும் நரம்புகள் ஓரத்திலிருந்து இஷ்டத்துக்குக் கிளம்பும். லென்ஸைக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி வரையச் சொன்னால் எல்லாம் நடுநரம்பில் வந்து சேரும். ஒரு பெண் தன் இரண்டு படங்களுக்கும் கீழே எழுதியிருந்தாள்: "முதல் இலை நான் நினைத்தது. இரண்டாவது, மேசையில் இருந்தது." இப்படி ஒரு வரி பிள்ளை கையால் எழுதினால்தான் மாட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். "நான் வரைந்த இலை" என்பதெல்லாம் சேர்த்தியில்லை. எது மாறியது, எங்கே சிக்கியது என்று வர வேண்டும்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். பின்னணிக்கு ஒரே நிறத்தில், அச்சில்லாத துணி. தாள் வெயிலில் வெளுத்துவிடும். சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் குண்டூசிக்குப் பதில் கிளிப். கதவு, சுவிட்சுப் பக்கம் காகிதமே வேண்டாம். தேர்வு நாளில் பின்னக் கயிற்றை ஒரு துணி போட்டு மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லார் கண்ணும் அங்கேதான்.

கழற்றுவதற்கும் நாள் குறித்துவிட வேண்டும். எனக்கு அது ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமை, கடைசி பீரியட். கழற்றுவது, அவரவர் கோப்பில் சேர்ப்பது, அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் பிள்ளைகள் பொறுப்பு. உங்கள் அறையில் ஒரே பலகைதான் என்றால் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பாதியைப் பாடத்துக்கும் வலப்பாதியை அவர்களுக்கும் ஒதுக்குங்கள். பார்டருக்கு இடம் மிஞ்சாது, பரவாயில்லை.