ஸ்டாக்ஸ் ஹெட்போனுக்கு ஆம்ப் வாங்குறீங்களா? வாட்ஸ விடுங்க, வோல்ட்ட பாருங்க

ஜப்பான் கம்பெனி ஸ்டாக்ஸ் பண்ற மாதிரி எலக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போன் வாங்கப்போறவங்க முதல்ல கேக்குறதே எத்தன வாட்ஸ் ஆம்ப் வேணும்னுதான். இங்க வாட்ஸுக்கு வேலையே இல்லங்க. உள்ள இருக்குறது ஓட்ட போட்ட ரெண்டு தகடு, நடுவுல ரொம்ப மெல்லிசா ஒரு படலம், அந்த படலத்துக்கு எப்பவும் 580 வோல்ட் பயாஸ், அதாவது மாறாத ஒரு டிசி வோல்ட், போய்ட்டே இருக்கும், ஆம்ப் அந்த ரெண்டு தகடுக்கும் நூத்துக்கணக்குல வோல்ட்ட எதிரெதிரா தள்ளணும், ஆனா கரண்ட் சில மில்லிஆம்ப்தான். அதனால சாதாரண ஹெட்போன் ஆம்ப் எவ்வளவு பெருசா இருந்தாலும் இதுக்கு ஆகாது.

ஸ்பெக் ஷீட்ல ரெண்டு நம்பர் போதும்: ஹெட்போன் 100 வோல்ட்டுக்கு எவ்வளவு சத்தம் குடுக்கும், ஆம்ப் அதிகபட்சம் எத்தன வோல்ட் தரும். ஸ்டாக்ஸோட எஸ்ஆர்-009 ஹெட்போனுக்கு 100 வோல்ட் குடுத்தா 101 டெசிபல் வரும், வோல்ட் டபுள் ஆனா 6 டெசிபல் ஏறும். இப்ப கணக்கு போடுங்க: ஸ்டாக்ஸோட சின்ன ஆம்ப் எஸ்ஆர்எம்-252எஸ் அதிகபட்சம் 280 வோல்ட், அதாவது 110 டெசிபல் கிட்ட. பெரிய ஆம்ப் எஸ்ஆர்எம்-டி8000ல 470 வோல்ட், 114 சொச்சம். விலை எத்தனையோ மடங்கு, சத்தத்துல வித்தியாசம் நாலரை டெசிபல் அவ்ளோதான்! நீங்க சராசரியா 80 டெசிபல்ல கேட்டா பீக் 100ஐ தொடும், அதுக்கு 100 வோல்ட்டே போதும், சின்ன ஆம்பே தாங்கும். ஆனா எஸ்ஆர்-007 ஹெட்போன் வச்சுக்கிட்டு ஈக்வலைசர்ல பேஸ 6 டெசிபல் தூக்குற ஆளா இருந்தா அங்க டபுள் வோல்ட் வேணும், அதுக்கு இடம் இருக்குற ஆம்பா பாருங்க.

அப்போ காசு எதுக்கு போகுதுன்னா, பெரும்பாலும் கரண்டுக்கு. இந்த ஹெட்போன் ஆம்புக்கு ஒரு கெபாசிட்டர் மாதிரிதான் தெரியும், கேபிளோட சேத்து 110 பைக்கோஃபேரட், அதோட தடை (இம்பீடன்ஸ்) 10 கிலோஹெர்ட்ஸ்ல 145 கிலோஓம், 20ல அதுல பாதி. 300 வோல்ட்ட 20 கிலோஹெர்ட்ஸ்ல ஆட்டணும்னா 4 மில்லிஆம்ப் வேணும். பழைய வால்வு மாடல் சிலதுல அவுட்புட்ல ரெசிஸ்டர் போட்டிருப்பாங்க, இருக்குற கரண்ட்ட அதுவே கொஞ்சம் தின்னுடும். ஆம்ப் டிசைனர் கெவின் கில்மோர் டிசைன் பண்ண ப்ளூ ஹவாய், கேஜிஎஸ்எஸ்எச்வி ஆம்ப் எல்லாம் அந்த ரெசிஸ்டருக்கு பதிலா கான்ஸ்டன்ட் கரண்ட் சோர்ஸ் (கரண்ட்ட மாறாம வச்சுக்குற சர்க்யூட்) போட்டு இத சரி பண்ணிருக்கு. பாட்டுல அவ்ளோ உச்ச ஸ்தாயில அவ்ளோ சத்தம் வரவே வராதுங்கறது வேற விஷயம், அதனால எஸ்ஆர்-எல்300 மாதிரி ஆரம்ப மாடல் ஹெட்போனுக்கு இதெல்லாம் வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், அந்த காச ஹெட்போன்ல போடுங்க.

கடைல டெமோ கேக்குறப்போ வால்யூம் நாப் பாதிகூட தாண்டல, இன்னும் பவர் நிறைய இருக்குனு நம்பிடாதீங்க. இந்த ஆம்ப்கள்ல கெயின், அதாவது சிக்னல பெருக்குற அளவு, பெரும்பாலும் 1000 மடங்கு கிட்ட, 100 மில்லிவோல்ட் உள்ள போனா 100 வோல்ட் வெளிய, டிஏசிலருந்து (டிஜிட்டல் பாட்ட அனலாக் சிக்னலா மாத்துற பெட்டி) 2 வோல்ட் வந்தா நாப் முழுசா திரும்புறதுக்கு ரொம்ப முன்னாடியே வோல்ட் எல்லைய தொட்டு சத்தம் உடஞ்சிடும் (கிளிப்).

சாக்கெட்ட பாத்துக்கோங்க. 5 பின்னா ப்ரோ, பயாஸ் 580 வோல்ட். 6 பின்னா பழைய நார்மல், 230 வோல்ட். ப்ரோ ஹெட்போன் பழைய சாக்கெட்ல போய் உக்காரும், ஆனா சத்தம் 8 டெசிபல் குறைஞ்சு போகும், உடனே ஆம்ப் பவர் பத்தலன்னு திட்டுவீங்க.

ஜப்பான்லருந்து செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க பின்னாடி ஸ்டிக்கர படிங்க, அது 100 வோல்ட் மாடலா இருந்தா நம்மூர் 230ல சொருகாதீங்க, 100 குடுக்குற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் காசையும் பட்ஜெட்ல சேத்துக்கோங்க.