ஆறு நிமிட நடைச் சோதனை: நான் செய்யும் விதம்

இதயச் செயலிழப்பு (இதயம் ரத்தத்தைப் போதிய அளவு இறைக்க முடியாத நிலை) உள்ளவரை முதலில் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார வைத்து, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பேன். ஓய்விலேயே துடிப்பு 120-ஐத் தாண்டினால் அன்றைக்குச் சோதனை கிடையாது.

30 மீட்டர் சமதளத் தாழ்வாரம், இரு முனையிலும் ஒரு கூம்பு, கையில் ஸ்டாப்வாட்ச். "ஓடாதீங்க, முடிஞ்ச தூரம் நடங்க. மூச்சு வாங்கினா நின்னுக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுங்கள். கூடவே நடக்காதீர்கள். ஆரம்பத்தில் நான் பேச்சுத்துணைக்குப் போனேன்; பாவம், அந்தப் பெரியவர் என் வேகத்துக்கு இழுபட்டார். அந்தக் கணக்கை அடித்துவிட்டு இன்னொரு நாள் திரும்பச் செய்தேன்.

நடப்பவர் நடுவில் சுவரில் சாய்ந்து நின்றாலும் கடிகாரம் ஓடட்டும். நெஞ்சு வலித்தாலோ, தள்ளாடினாலோ, முகம் வெளிறினாலோ உடனே நிறுத்தி உட்கார வையுங்கள்.

அப்புறம் ஆறு நிமிடத்தில் நடந்த மொத்த மீட்டரோடு, மூச்சுத்திணறல் எவ்வளவு என்று அவரையே கேட்டு எழுதுங்கள். 300 மீட்டருக்குக் கீழே என்றால் மருத்துவரிடம் அன்றே சொல்லிவிடுவேன்.