ஒரே காட்சியைத் திரும்ப எடுங்கள்: கை தேறுவதைக் கண்டுபிடிக்க ஒரு பயிற்சி

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும் கேள்வி: நான் தேறிக்கொண்டு வருகிறேனா, இல்லையா? குறும்படங்களை வைத்து இதற்குப் பதில் கிடைக்காது. ஒவ்வொன்றிலும் கதை வேறு, நடிகர் வேறு, கேமரா வேறு. அதனால் நான் மாறாத ஒன்றை வைத்துக்கொண்டேன். தெருமுனையில் தள்ளுவண்டி போட்டிருக்கும் இஸ்திரி அண்ணன் ஒரு சட்டையைத் தேய்த்து மடிப்பதை ஒவ்வொரு செமஸ்டரும் எடுக்கிறேன்.

நீங்களும் கையால் செய்கிற ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் முடிவதாக இருக்கட்டும். அனுமதி கேட்டுவிட்டு, கேமராவை எடுக்காமல் பக்கத்தில் நின்று முழுதாகப் பாருங்கள். கரி போட்ட பெட்டியைத் தூக்கியதும் எங்கள் அண்ணன் அதை ஈரத்துணியில் ஒரு இழுப்பு இழுப்பார். அடியில் ஒட்டிய சாம்பல் போய்விடும். 'ஸ்ஸ்' என்று எழும் சத்தத்தில் சூடும் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு காலர், தோள்பட்டை, கை, கடைசியில் முதுகும் முன்பக்கமும். இந்த வரிசை மனதில் பதிந்தால்தான் கேமராவை எங்கே வைப்பது என்று புரியும்.

விதிகள் கொஞ்சம்தான். ஐந்து ஷாட், ஒரு நிமிடம், வசனம் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. இசை விஷயத்தில் கறாராக இருங்கள். பாட்டைப் போட்டுவிட்டால் சுமாராக வெட்டி ஒட்டியதும் நன்றாக இருப்பதுபோலத் தெரியும்.

போனே போதும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) 1/50 நொடி வைத்துவிட்டு எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சாயல்) தானாக மாறாதபடி லாக் செய்யுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் அதோடு ஒத்துப்போனால் படத்தில் பட்டை ஓடாது. கிளம்புவதற்கு முன் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். ஷாட்டுக்கு ஷாட் சத்தம் எகிறிக் குதிக்காமல் இருக்க அதுதான் அடியில் ஓடவேண்டும்.

எடிட்டில் பெட்டி மேலே எழும் அசைவின் நடுவில் வெட்டிப் பாருங்கள். தூர ஷாட்டில் தொடங்கிய கை குளோசப்பில் முடியட்டும். இன்னொன்றும் முயலலாம். அண்ணனின் முகத்தை ஒருமுறை பள்ளிச் சீருடைக்குப் பிறகும், ஒருமுறை பட்டு வேட்டிக்குப் பிறகும் வையுங்கள். அதே முகம்தான், ஆனால் அவர் வேறு எதையோ நினைப்பதுபோல இருக்கும். ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்துகாட்டியது இதைத்தான். வகுப்பில் படிக்கும்போது தகவலாகப் போகும். தெரிந்தவர் முகத்தில் நடக்கும்போது சிலிர்த்துவிடும்.

பழையதை அழிக்காதீர்கள். புதியதை முடித்த பிறகு எல்லாவற்றையும் வரிசையாக, முதலில் சத்தமில்லாமல், பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் ஓட்டுங்கள். படம் அழகாக இருக்கிறதா என்பதை விடுங்கள். குறை உங்கள் கண்ணில் எப்போது பட்டது என்று பாருங்கள். தொடக்கத்தில் எல்லாமே எடிட் டேபிளில்தான் தெரியும். பிறகு எடுத்துக்கொண்டிருக்கும்போதே 'இது ஒட்டாது' என்று தோன்றும். அப்புறம் கேமராவை எடுப்பதற்கு முன்பே தெரிந்து, ஒரு அடி தள்ளி நிற்பீர்கள். இப்படிக் குறை முன்கூட்டியே தெரிய வருவதைத்தான் நான் வளர்ச்சி என்று நம்புகிறேன். லைக் எண்ணிக்கையோ மதிப்பெண்ணோ இதைக் காட்டித் தராது. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, படத்தை அந்த ஆளிடம் கட்டாயம் காட்டுங்கள். அண்ணன் தண்ணீர் தெளிக்கும் ஷாட் வந்ததும் போனைக் கையில் வாங்கி, பின்னால் தள்ளி மறுபடி பார்த்தார். "என் கை இவ்ளோ வேகமாவா போவுது தம்பி?" என்றார். அடுத்த செமஸ்டர் அந்தக் கையிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.