அதிபர் என்ற சொல்லில் நாம் செய்யும் பிழைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி வந்திருந்த நேரம். என் மகள் தமிழ்ச் செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். “அதிபர் தர்மன்” என்று வந்ததும் சித்தி நிமிர்ந்து, “எந்தப் பள்ளிக்கூடத்து அதிபர், பிள்ளை?” என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. இலங்கையில் பள்ளியை நடத்துபவர்தான் அதிபர், நாட்டுக்கு ஜனாதிபதி. இங்கே சிங்கப்பூரில் பள்ளிக்கு முதல்வர், நாட்டுக்கு அதிபர்; தர்மன் அந்த அதிபர்தான். தமிழ்நாட்டுக்குப் போனால் முதல்வர் மாநில அரசையே நடத்துகிறார். எனவே அயல்நாட்டுச் செய்தியை இங்கே எடுத்து எழுதும்போது பதவிப் பெயரை அப்படியே ஒட்டிவிடக் கூடாது. இந்தப் பிழையை வாரந்தோறும் பார்க்கிறேன், மனம் வலிக்கிறது.

அடுத்தது, சொல்லைப் பிரிக்கும் விதம். அதிவேகம், அதிசயம் ஆகியவற்றை நினைத்துக்கொண்டு, ‘எல்லாரையும் விஞ்சியவர்’ என்று பொருள் சொல்கிறார்கள். வடமொழியில் இவை இரண்டு வெவ்வேறு முன்னொட்டுகள். அதிவேகத்தில் இருப்பது மிகுதியைக் குறிப்பது. அதிபரில் இருப்பது ‘மேலே’ என்று பொருள்படுவது. அதன் மெய்யொலி ‘தர்மம்’ என்பதன் முதல் ஒலி. தமிழில் இரண்டையும் ஒரே ‘தி’யால் எழுதுவதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்து வரும் ‘ப’ காப்பவரைக் குறிக்கும். மக்களைக் காக்கும் அரசனை நிருபன் என்பதிலும் இதே ‘ப’தான். கடைசி ‘ர்’ மரியாதைக்கு நாம் சேர்த்தது. ஜனாதிபதியில் உள்ளதோ ‘பதி’, அதாவது தலைவன், சேனாபதியில் வருவது.

ஆக, அதிபர் மேலிருந்து காப்பவர். ‘ஆட்சி நடத்துபவர்’ என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இங்கே பொருந்தாது. அரசாங்கத்தை நடத்துபவர் பிரதமர். 1991ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, முந்தைய அரசாங்கங்கள் சேர்த்த நிதியிருப்பில் கைவைக்க அதிபரின் ஒப்புதல் வேண்டும். அந்தச் சின்ன ‘ப’ இவ்வளவு பொருத்தமாக அமைந்ததை எண்ணி நான் மகிழாத நாளில்லை. சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கை 1959ஆம் ஆண்டிலிருந்தே அதிபர் என்று எழுதுவதும் பிழை. 1965 வரை அவர் யாங் டி பெர்துவான் நெகாரா, அதாவது மலாய்ப் பெயர் கொண்ட அரசுத் தலைவர்.

டேவிட் மார்ஷலைச் சிங்கப்பூரின் முதல் பிரதமர் என்பவர்களும் உண்டு. ‘பிரதம’ என்றாலே முதல் என்பதால் வரும் குழப்பம் அது. 1955இல் அவர் ஏற்றது முதலமைச்சர் பதவி. பிரதமர் என்ற பதவி 1959 ஜூனில் லீ குவான் இயூவோடுதான் தொடங்கியது.